நாலாவது இடம்

என் மகனின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அவர் எங்கள் வாசலுக்கு வந்தபோது, அவர் தன் மகளைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

"தம்பி வூட்ல இருக்காருங்களா டீச்சரம்மா? வேற ஒண்ணும் இல்ல. மொகத்த ஒரு தரம் பாத்துட்டுப் போயிடறேன்."

நான் முதலில் அவர் கைகளைத்தான் பார்த்தேன். வெறுங்கை. பிறகு இடுப்பைப் பார்த்தேன். மடித்துக் கட்டிய வேட்டியில் எதுவும் செருகியிருக்கவில்லை. வார்னிஷ் ஏறிக் கறுத்துப்போன விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாக வந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"இல்லீங்க. அவன் ஊர்ல இல்ல," என்றேன். அவன் உள்ளே, நெல் மூட்டைகளுக்குப் பின்னால், பாயில் சுருண்டு கிடந்தான்.

"சரிங்க. வந்தா சொல்லுங்க."

அவ்வளவுதான். போய்விட்டார். பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போதும் வாசலில் யாராவது "தம்பி இருக்காருங்களா" என்று கேட்டால் நான் முதலில் அவர்கள் கைகளைத்தான் பார்க்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலையில் அவருக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவார். எங்கள் பக்கத்தில் எல்லாக் கிணற்றிலும் மோட்டார் உண்டு. கரண்டுதான் சரியாக வராது. லோ வோல்டேஜில் ஓட்டி ஓட்டி, கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் நாட்களில் எவனாவது ஒருவன் மோட்டாரை எரித்துக்கொண்டு வந்து நிற்பான். வண்டியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "எப்ப கெடைக்கும், எப்ப கெடைக்கும்" என்று நச்சரிப்பார்கள். எல்லோருக்கும் அவர் காயில்காரர். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சாதுவான மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. சிடுமூஞ்சி. அவசரப்படுத்தினால், "வேற எடத்துல கட்டிக்கோ" என்று மோட்டாரைக் காலால் வாசலுக்குத் தள்ளிவிடுவார். ஆனால் கை மிஷினில் செம்புக் கம்பியைச் சுற்றும்போது அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். சுற்று எண்ணுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் வயல் மோட்டாரை எடுக்கப் போன ஒருநாள், "எண்ணிக்கை தப்பாதா?" என்று கேட்டேன்.

"எண்றதுக்கு மிஷின்லயே முள்ளு இருக்குதுங்களே," என்றார். "மோட்டார்காரர நெனச்சிக்கினு, நல்லா இருங்க, நல்லா இருங்கன்னு சொல்லிக்கினு இருப்பேன். பழக்கம்."

கடை மூலையில், காயிலை உலர்த்துவதற்காக எரியும் பெரிய பல்புக்குப் பக்கத்தில், ஒரு சாண் உயரத்தில் புத்தர் பொம்மை ஒன்று இருந்தது. அவர் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். அங்கே பௌத்தத்துக்குப் போன தமிழ்க் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அங்கே பிழைப்பு குறைந்ததும் கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே மனைவியின் ஊரில் இருந்த காலனிக்கு வந்து சேர்ந்தார். மனைவி சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகள்.

தினமும் கடை திறக்கும் முன் அந்தப் பொம்மைக்கு எதிரில் உட்காருவார். பூ கிடையாது, கற்பூரம் கிடையாது. சாமி கும்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று தெரியாது. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் குடைந்து குடைந்து ஒருநாள் வாயைப் பிடுங்கிவிட்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நாலு பேர வரிசையா நெனைக்கணும். நல்லா இரு, பயமில்லாம இருன்னு மனசாரச் சொல்லணும். மொத எடம் எனக்கு. ரெண்டாவது, நமக்கு உசுரா இருக்கறவங்களுக்கு. மூணாவது, புடிச்சவனும் இல்ல, புடிக்காதவனும் இல்ல. ரோட்ல மணி கேட்டா சொல்லிட்டுப் போவான் பாரு, அந்த மாதிரி ஆளு. நாலாவது, நெனச்சாலே வயிறு எரியுமே, அவனுக்கு. மொத மூணு எடம் எந்தக் கழுதையும் பண்ணிடும். நாலாவது தான் வேலை."

அன்றிலிருந்து டீக்கடைக்கு அது வேடிக்கையாகிவிட்டது.

"இன்னா காயில்காரரே, இந்த வாரம் நான் எத்தினியாவது எடம்?"

"உனக்கு எடமே இல்ல. வரிசையில நில்லு."

"நேத்து உன் சைக்கிள்ல காத்தப் புடுங்கிவுட்டது நான்தான்யா. இப்பவாவது நாலாவது குடு."

"அதுக்கெல்லாம் மூணாவதுதான்."

ஒருமுறை அவர் கடைக்கு எதிரில் ஒரு நாய் பஸ்ஸில் அடிபட்டுக் கிடந்தது. "ஐயோ பாவம்" என்றேன். அவர் நிமிராமலே, "பாவம்னு சொல்லிட்டு நீங்க பஸ் ஏறிடுவீங்க டீச்சரம்மா. அது இங்கதான் கெடக்கும்," என்றார். அதற்குள் அதன் அடியில் ஈரச் சாக்கு ஒன்றை அவர் போட்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். வீடு போய்ச் சேரும்வரை எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் தணியவில்லை. பாவம் என்று சொன்னது ஒரு குற்றமா?

பிறகு ஒரு பெரிய விவசாயியின் விஷயம் நடந்தது. மணலூர்பேட்டைப் பக்கத்துக்காரர். மோட்டார் சொன்ன நாளில் கிடைக்கவில்லை என்று கடை வாசலில் நின்று, சாதியைச் சொல்லித் திட்டி, புத்தர் பொம்மையைக் கைத்தடியால் தட்டிவிட்டார். அது வார்னிஷ் தட்டில் போய் விழுந்தது. காயில்காரர் பொம்மையை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு மோட்டாரைக் கட்டிக் கொடுத்தார். அந்த ஆளுக்குத்தான் அப்புறம் மாதக்கணக்கில் நாலாவது இடம். அது டீக்கடைக்கும் தெரியும். ஒருநாள் அந்த விவசாயிக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. காயில்காரர் பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போயிருக்கிறார். "எதுக்கு வந்த?" என்று கேட்டவர்களிடம், "சும்மா, மொகத்தப் பாக்கலாம்னு" என்று சொல்லியிருக்கிறார். விரட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு டீக்கடையில் அவரை யாரும் கேலி செய்யவில்லை. "நாலாவது எடத்துல வெச்சான், ஆளு படுத்துட்டான் பாத்தியா" என்று குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். படித்தவள் நான். இதைக் கேட்டுச் சிரித்தேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம் அது. எங்கள் சாதியில் பத்தாவது தாண்டிய பையன்களே குறைவு. தாண்டியவனுக்கும் வேலை இல்லை. என் மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டினான். அதைப் பற்றிக் காயில்காரரிடம் ஒருநாள் புலம்பினேன். "கேக்கறது நியாயந்தானே," என்றார். "எங்களுக்கும் ஒரு காலத்துல யாரோ கேட்டு வாங்கினதுதான். தானா யார் குடுத்தா?"

சாலை மறியல் ஒரு வாரம் என்று அறிவித்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. சாலையோரத்துப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே சாய்த்தார்கள். அந்த வாரத்தில் ஒருநாள் காலை என் மகன் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து வீடு வந்தான். கயிறு இழுத்த காயம். "படிக்கிற கைடா இது," என்று திட்டிக்கொண்டே தேங்காய் எண்ணெய் தடவினேன். அவன் கையை நீட்டியபடியே கண்ணை மூடிக்கொண்டான். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

மத்தியானம் செய்தி வந்தது. காயில்காரர் மகள் பாம்பு கடித்துச் செத்துப்போனாள்.

அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். கேள்வி கேட்டே என் தொண்டையை வற்ற வைத்தவள். அந்த வருடம் பத்தாவது. நான் நடந்தே காலனிக்குப் போனேன். சாலையில் விழுந்து கிடந்த ஒவ்வொரு மரத்தையும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினேன். அவர் அழவில்லை. சைக்கிளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

"விடியக்காலம் கொல்லைப் பக்கம் போனவளக் கடிச்சிடுச்சு. வண்டி ஏது? கேரியர்ல ஒக்கார வெச்சி, துண்டால என் இடுப்போட சேத்துக் கட்டிக்கினு மிதிச்சேன். வழியெல்லாம் மரம். ஒவ்வொரு மரத்துக்கும் அவுத்து, அவளத் தூக்கி அந்தாண்ட வெச்சி, சைக்கிளத் தூக்கி வெச்சி, மறுபடி கட்டி... கடைசி மரம் வரைக்கும் பேசிக்கினுதான் டீச்சரம்மா வந்தா."

"கடைசி மரமா?"

"அது அப்பதான் சாஞ்சிகினு இருந்தது. தாண்டிட்டா ஆஸ்பத்திரிதான். பசங்க கயிறு போட்டு இழுத்துகினு இருந்தாங்க. பாம்பு கடிச்சிருக்கு, வுடுங்கப்பான்னேன். மரம் வுழப்போவுது, கொஞ்சம் நில்லுங்கன்னு ஒரு தம்பி சொல்லிச்சு. நின்னேன். சட்டுனு வுழல. வுழுந்தப்பறம் அவங்களேதான் சைக்கிளத் தூக்கி அந்தாண்ட வெச்சாங்க. அப்ப இவ பேசல."

வீட்டுக்கு வந்து என் கணவரிடமும் மகனிடமும் இதைச் சொல்லிச் சொல்லி அழுதேன். கணவருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை; மறியலால் வீட்டில் இருந்தார். மகன் கை எரிச்சலால் ஸ்பூனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "கொஞ்சம் நில்லுங்கன்னு ஒரு தம்பி சொல்லிச்சாம்" என்று நான் சொன்னதும் ஸ்பூனைக் கீழே வைத்தான். எழுந்து மாட்டுக்கொட்டகைக்கு ஓடினான். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன்.

"நான்தாம்மா."

"என்னடா?"

"அதச் சொன்னது நான்தாம்மா. மரம் பாதி அறுத்து நின்னுகினு இருந்திச்சும்மா. அடியில வுட்டா அவங்க மேல வுழுந்துடும்னுதாம்மா நில்லுன்னேன்." என் புடவையைப் பிடித்துக்கொண்டான். "ஓடியிருந்தா போயிருக்கலாமாம்மா?"

அந்தக் கேள்வியை அவன் அப்புறம் எத்தனை நாள் கேட்டான். சாப்பாட்டுக்கு நடுவில், பல் விளக்கும்போது, ஒன்றுமில்லாத நேரத்தில். ஓடியிருந்தா போயிருக்கலாமா? எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

கயிறு பிடித்த பையன்களில் ஒருவன் மனசு கேட்காமல் காயில்காரரிடம் போய் அழுது, நில்லு என்று சொன்னது யார் என்பதையும் சொல்லிவிட்டான். அதன் பிறகுதான் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். "தம்பி வந்துட்டாருங்களா?" அதே கேள்வி, அதே குரல்.

"எதுக்கு மொகம் கேக்கறான்னு புரியுதாடி உனக்கு?" என்றார் என் கணவர். "நாலாவது எடத்துல வெக்கப்போறான். அந்த மணலூர்பேட்டைக்காரருக்கு ஆன கதிதான் நம்ம புள்ளைக்கும்."

கிரகணத்தன்று பாம்பு நிலவை விழுங்குவதில்லை என்று பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுகிறவள் நான். அன்று சிரிப்பு வரவில்லை. அதே வாரம் மகனைக் கல்வராயன் மலைக்கு அனுப்பினோம். சந்தைக்குப் புளியும் கடுக்காயும் கொண்டுவரும் மலைக்காரர் ஒருவர் என் கணவருக்குப் பழக்கம். வெள்ளிமலைக்கு அந்தாண்ட அவர் வீடு. அனுப்பும்போது அவன் கையில் தாயத்துக் கட்டியது என் கணவர் இல்லை, நான்தான். மந்திரித்து வாங்கி வந்ததும் நான்தான்.

மகன் நிஜமாகவே ஊரில் இல்லை என்று தெரிந்த பிறகும் அவர் வருவது நிற்கவில்லை. ஒரு ஞாயிறு என் கணவர் கரும்பு வெட்டும் கத்தியோடு வாசலுக்குப் போனார்.

"யோவ், இன்னாய்யா வேணும் உனக்கு? போலீஸ்ல குடு. ஊர்ல பஞ்சாயத்து வெய்யி. எம் புள்ள மொகத்த ஏன்யா கேக்கற?"

காயில்காரர் கத்தியைப் பார்த்தார். பிறகு அதைப் பார்க்காததுபோல் பேசினார்.

"அன்னிக்கு இன்னும் வெளிச்சம் வரலீங்க. தம்பி முண்டாசு கட்டிக்கினு இருந்திச்சு. எனக்குக் கொரல்தான் தெரியும், மொகம் தெரியாது. காலையில ஒக்காந்தா, நாலாவது எடத்துல முண்டாசுதான் வந்து நிக்குது. முண்டாசப் பாத்து எப்படிங்க நல்லா இருன்னு சொல்றது? சொல்லச் சொல்லக் கோவந்தான் வளருது. இப்ப ரோட்ல முண்டாசு கட்டிக்கினு போறவன் எல்லாம் அவனாத் தெரியறான். நேத்து ஒரு பையன் மோட்டார் கொண்டாந்தான். வயசுப் பையன். கையில சுத்தியல் இருந்தது எனக்கு." நிறுத்தினார். "அவனுக்கும் இதுக்கும் இன்னாங்க சம்பந்தம்? அதான் கேக்கறேன். ஒரு மொகத்தக் குடுத்துடுங்க. மத்தவங்க எல்லாம் தப்பிச்சிக்குவாங்க."

"அப்ப எம் புள்ள?" என்று நான் கத்திவிட்டேன். "எம் புள்ள தப்பிக்க மாட்டானா?"

"தெரியலீங்க," என்றார். "பொய் சொல்ல மாட்டேன். மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டா நீங்க நிம்மதியாத் தூங்குவீங்க. ஆனா மன்னிக்கலீங்களே. பண்ணிப் பாக்கணும். மொகம் இல்லாமப் பண்ண முடியல."

என் கணவரின் கை தளர்ந்து கத்தி தொடையோடு தொங்கியது. ஒருவன் உன் மகனை வெறுக்கிறேன் என்று இவ்வளவு பணிவாகச் சொல்ல முடியும் என்று நாங்கள் இருவரும் அதுவரை அறிந்திருக்கவில்லை.

மலையிலிருந்து வந்த செய்தியும் நன்றாக இல்லை. பையன் சாப்பிடுவதில்லை. யாரோ செய்வினை வைத்திருப்பார்கள் என்று பயந்து மலைக்காரர் தங்கள் பூசாரியைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார். பூசாரி கண் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, "யாரும் எதுவும் வெக்கல. இவனே வெச்சிக்கினான். கீழ கூட்டிக்கினு போயி முடிக்க வேண்டியத முடிங்க," என்று காணிக்கைகூட வாங்காமல் போய்விட்டாராம். எனக்கு அன்றிரவு முழுவதும் கிணறும் கயிறுமாகவே கண்முன் வந்தது. என் பிள்ளை அந்தக் கேள்வியோடு மலையில் தனியாக இருக்கிறான். அவனைக் கொல்வது அந்த மனிதராக இருக்க வேண்டும் என்பதில்லை.

மறுநாள் கணவர் ஆலைக்குப் போனதும் நேராகக் காயில்காரர் கடைக்குப் போனேன். "வாங்க, காட்டறேன்," என்றேன். பாதி சுற்றிய காயிலை அப்படியே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகும் பஸ். வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பேசாமல் இருக்க முடியவில்லை எனக்கு.

"ரெண்டாவது எடத்துல யாரு?" என்று கேட்டேன்.

"அவதான். செத்தவங்கள அங்க வெக்கக் கூடாதுன்னு தங்கவயல்ல பெரியவங்க சொல்லுவாங்க. நான் வெச்சிருக்கேன்."

மலைக்காரர் வீட்டு வாசலில் ஒரு பலாமரம். மகன் வெளியே வந்தான். என் பிள்ளையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. காயில்காரரைப் பார்த்ததும் கை கட்டிக்கொண்டு நின்றான்.

"நெழல்ல நிக்காத. வெளிச்சத்துக்கு வா," என்றார்.

வந்தான்.

"அன்னிக்குச் சொன்னதச் சொல்லு."

"வேணாங்க," என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

மகன் உதட்டை நனைத்துக்கொண்டான். "கொஞ்சம் நில்லுங்க," என்றான். 

குரலைக் கேட்டதும் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. ஒரு கையால் பலாமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் கையில் ஒரு கல் இருந்தது. எப்போது எடுத்தார் என்று நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நான் பாய்ந்து இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"தள்ளுங்க டீச்சரம்மா. மறைக்குது."

நான் நகரவில்லை. வெட்டினாலும் நகர்ந்திருக்க மாட்டேன். என் தோளில் கை வைத்து என்னை ஒதுக்கியது என் மகன். "நவுரும்மா. அவரு பாக்கட்டும்."

அவர் பார்த்தார். அப்படி ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் பார்த்து நான் கண்டதில்லை. நெற்றி, கண், மூக்கு, தாடை என்று கம்பி கம்பியாக எடுத்து அடுக்குவதுபோல். கல் அவர் கையில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது கீழே விழுந்த சத்தத்தில் அவரே திடுக்கிட்டுத் தரையைப் பார்த்தார்.

"மீசையே ஒழுங்கா வரல," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "இம்மாஞ்சின்னப் பையனா நீ."

மகன் அப்போதுதான் அழுதான். அழுதுகொண்டே அவரிடமும் அதையே கேட்டான். "ஓடியிருந்தா போயிருக்கலாமாங்க?"

"தெரியலப்பா. தினம் நானும் அதத்தான் கேட்டுக்கினு இருக்கேன். நீ நில்லுன்ன. நான் ஏன் நின்னேன்?"

மலைக்காரர் வீட்டில் எவ்வளவு சொல்லியும் அவர் சாப்பிடவில்லை. கிளம்பும்போது மகனின் கையைக் காட்டி, "இது எதுக்கு?" என்றார். தாயத்து. நான் அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டு அதை மறைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பஸ் பாதி மலை இறங்கிய பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அஞ்சாவது படிக்கும்போது எம் பொண்ணு வந்து சொல்லுவா. பேயும் இல்ல, மந்திரமும் இல்லன்னு டீச்சர் சொன்னாங்கப்பான்னு."

அதன் பிறகு ஊர் வரும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கும்போதுதான், "இனிமே நீங்க வர மாட்டீங்களே?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு என் பிள்ளைதான் பெரிதாக இருந்தான்.

"வர மாட்டேங்க. மொகம் கெடச்சிருச்சு," என்றார். "இனிமேதான் வேலை."

மகன் அந்த வாரமே மலையிலிருந்து இறங்கி வந்தான். தாயத்தை அவனே அறுத்துப் போட்டிருந்தான். அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டான். தனக்குள் நிறுத்தினானா என்று நான் கேட்டதில்லை. படித்து முடித்தான். போராடிப் பெற்ற ஒதுக்கீட்டில்தான் அவனுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. ஆர்டர் வந்த அன்று பாயசம் வைத்தேன். அவன் குடிக்கவில்லை.

சங்கராபுரம் சாலை வழியாக அவன் போகவே மாட்டான். எவ்வளவு அவசரமானாலும் கடைத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவான். நான் போவேன். எங்கள் மோட்டார் எரிந்தால் அவரிடம்தான் கொடுப்பேன். அவர் பழையபடிதான் இருந்தார்; சிடுசிடுப்பும் அப்படியே. கம்பி சுற்றும்போது உதடு அசையும். அந்த நேரத்தில் யாரை நினைத்துக்கொள்கிறார், மோட்டார்காரி என்னையா, அவனையா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். கேட்கத் தைரியம் வரவில்லை. நாலாவது இடத்தில் இருக்கிறவன் என்றைக்காவது மூன்றாவதுக்கு வருவது உண்டா என்றும் கேட்டதில்லை. இன்று காலையும் அவர் உட்கார்ந்திருப்பார், இன்று காலையும் என் மகனை எதிரில் நிறுத்தியிருப்பார் என்று நினைத்தபடியேதான் ஒவ்வொரு நாளும் கண் விழித்தேன். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. வருடக்கணக்கில். நெற்றி, கண், மூக்கு, தாடை. என் பிள்ளையை என்னைத் தவிர இந்த உலகத்தில் தினமும் நினைத்துக்கொண்டிருந்த இன்னொரு ஆள் அவர்தான். அதை நினைத்தால் எனக்குப் பயம்தான் வந்தது, ஆறுதல் வரவில்லை.

போன வருடம் கடைத்தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் வெட்டி வழியை அடைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மகன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தக் கடை வழியாக வர வேண்டியதாயிற்று. நான் அடுப்படியில் இருந்தேன். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். மலைக்குப் போவதற்கு முன் இருந்த முகம் அது.

"என்னடா? அவர் இருந்தாரா? பாத்துட்டாரா?"

"பாத்தாரும்மா. நிமிந்து நேரா மொகத்தப் பாத்தாரு."

"கோவமா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"சிரிச்சாரா? ஏதாவது சொன்னாரா? சொல்லித் தொலையேன்டா!"

அவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தம்பி, மணி இன்னா ஆவுதுன்னு கேட்டாரும்மா," என்றான். "சொன்னேன். சரின்னுட்டு மறுபடி கம்பி சுத்த ஆரம்பிச்சிட்டாரு."